இராமலெட்சுமி மடித்த சஞ்சிகை

‘முரப்பொல’ என்று ஒரு சிங்களச் சஞ்சிகை இருந்தது. காவல் கொட்டில் என்று அதற்கு அர்த்தம். நாடு சிங்களவருடையது, மற்றவர்கள் வந்து ஒட்டிக்கொண்ட சனம், கண் அயர்ந்தால் எல்லாம் பறிபோய்விடும் என்று மாதாமாதம் எழுதிய சஞ்சிகை. அதை நடத்தியவர் பெயரும் எழுதியவர்கள் பெயரும் ஊருக்குத் தெரியும். ஆனால் ஏழு வருஷம் அதன் ஒவ்வொரு தாளையும் மடித்து, அடுக்கி, பின் அடித்துக் கட்டிக் கொடுத்தவள் ஜிந்துப்பிட்டி இராமலெட்சுமி என்ற தமிழ்ப் பெண் என்பது யாருக்கும் தெரியாது. தான் மடிப்பது என்னவென்று இராமலெட்சுமிக்கும் தெரியாது.

நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படித்தான்.

அவள் பிறந்தது அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்து வயதில் ஹெவ்லொக் டவுனில் ஒரு சிங்கள வீட்டுக்கு வேலைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். எட்டு வருஷம் அங்கேயே இருந்தாள். சிங்களம் அவள் நாக்கில் அப்படியே ஏறிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தமிழச்சி பேசுகிறாள் என்று ஒரு சிங்களவராலும் சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு வந்த பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்கள்? தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். சிங்கள எழுத்து அவள் கண்ணுக்கு முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரித்தான் தெரிந்தது.

பிறகு கலியாணமாகி ஜிந்துப்பிட்டிக்கு வந்தாள். புருஷன் ராமையா துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். நல்ல மனுஷன். நெஞ்சுவலி வந்து அவன் காலமானபோது அவளுக்கு நாற்பது வயது. மகளை வத்தளையில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள்.

அவர்கள் இருந்த இடத்தில் ஒரே வரிசையாக இருபத்திரண்டு வீடுகள். அத்தனை வீட்டுக்கும் சிங்கள வாய் அவளுடையதுதான். பொலிஸ், ஆஸ்பத்திரி, கிராம சேவகர் கந்தோர், மின்சாரக் கந்தோர் என்று எங்கே போவதென்றாலும், “லெட்சுமியக்காவக் கூட்டிட்டுப் போங்க” என்பார்கள். அவளும் கடிதத்தை வாங்கி மேலும் கீழும் பார்ப்பாள். பிறகு கவுண்டரில் இருப்பவரிடம் தேன் ஒழுகச் சிங்களத்தில் நாலு வார்த்தை கதைத்து, அதில் இருப்பதை அவர் வாயாலேயே வரவழைத்துவிடுவாள். வெளியே வந்து தமிழில் சொல்லுவாள். அவள் வாசித்துத்தான் சொல்லுகிறாள் என்று சனம் நினைத்தது. முதல் ஆள் அப்படி நினைத்தபோதே இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவி வளர்ந்தவளுக்குத் தேடிவந்த மரியாதை அது. கைநீட்டித் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

அடுத்த சுவர் ஷஹீமாவின் வீடு. இவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். மகள் பர்ஸானா பிறக்க நோவு கண்டபோது புருஷன் நிலாம் வெளியூரில் இருந்தார். ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவள் இராமலெட்சுமிதான். தாதிமாரோடு சிங்களத்தில் மன்றாடிக் கட்டில் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். நோன்பு மாதத்தில் இறைச்சி போடாமல் ஒரு சின்னப் பானையில் தனியாகக் கஞ்சி காய்ச்சிச் சுவருக்கு மேலால் நீட்டுவாள் ஷஹீமா. அந்த வரிசையில் யாருக்கும் கிடைக்காத கஞ்சி அது. செவ்வாய்க்கிழமை முருகன் கோயிலுக்குப் போனால் இராமலெட்சுமி மூன்று பேருடைய பெயருக்குக் கும்பிடுவாள். ஒன்று மகளுக்கு, ஒன்று ஷஹீமாவுக்கு, ஒன்று பர்ஸானாவுக்கு.

ராமையா போனபிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்த அச்சகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதலாளி சந்திரகுமார் யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், வீடு வெள்ளவத்தையில். கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பரீட்சைத் தாள் என்று எல்லாம் அடிப்பார். தாளை மடித்துப் பக்கம் பார்த்து அடுக்குவது இவள் வேலை. எழுத்து எந்த மொழியாக இருந்தாலும் பக்க இலக்கம் ஒன்று, இரண்டு, மூன்றுதானே. அதற்கு வாசிக்கத் தேவையில்லை. மூங்கில் பட்டையால் ஒரு இழுப்பு இழுத்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்.

2012 வெசாக் மாதம் ‘முரப்பொல’ வந்தது. ஒரே தாள், எட்டுப் பக்கம், ஐந்நூறு பிரதி, கறுப்பும் சிவப்பும். கொண்டுவந்தவர் விஜேகோன் மாத்தயா, நம் பேச்சில் விஜேகோன் ஐயா. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சேர்ட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. குரல் உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை. “அக்கே, கொஹொமத?” என்று சுகம் விசாரிக்காமல் உள்ளே வரமாட்டார். சிங்கள வருஷப்பிறப்புக்குக் கொண்டைப் பலகாரம் ஒரு பார்சல் அவளுக்கென்று தனியாக வரும். அச்சகத்துக்கு வருகிற ஆட்களில் மரியாதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சஞ்சிகையின் ஏற்ற இறக்கம் எல்லாம் அவள் கைக்குத் தெரியும். இரண்டாம் வருஷம் பதினாறு பக்கமானது. 2014இல் தெற்கே கடைகள் எரிந்த மாதம் ஐந்நூறு மூவாயிரமாகி, மினுங்குகிற அட்டை வந்தது. அட்டையில் ஈட்டியோடு ஒரு காவல்காரன். பிறகு இரண்டு வருஷம் இறங்கிக்கொண்டே போனது. முந்நூறு, இருநூற்றைம்பது. கட்டாத கட்டுகள் மூலையில் கிடந்து கறையான் தட்டின. விஜேகோன் மாத்தயாவின் முகமும் வாடிப்போயிருந்தது. நல்ல மனுஷனுக்கு இப்படிக் கஷ்டமா என்று இராமலெட்சுமி முருகனிடம் அவருக்காகவும் ஒரு சொல் சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

2019 ஈஸ்டர் ஞாயிறு கொச்சிக்கடை வேதக்கோயிலில் குண்டு வெடித்தபோது ஜிந்துப்பிட்டியில் யன்னல்கள் அதிர்ந்தன. அவளுக்குத் தெரிந்த பூக்காரி ஒருத்தியும் அன்று செத்துப்போனாள். ஊர் செத்த வீடாக இருந்தது. ஷஹீமா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். “எங்கட பேரச் செல்லி இந்தப் பாவத்தச் செஞ்சிட்டானுகளே அக்கா. நாங்க இனி என்ன மொகத்தோட றோட்ல எறங்குற?”

“நீ என்னா செஞ்ச? நீ ஏன் அழற? வா, தேத்தண்ணி குடி” என்று இராமலெட்சுமி அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் ‘முரப்பொல’ எட்டாயிரம் அடித்தது. அதற்கடுத்த மாதம் பன்னிரண்டாயிரம். கை விரல் வெடித்து ரத்தம் கசிகிற அளவுக்கு மடிப்பு. அந்தக் கட்டுக்குள்தான், பதினாலாம் பக்கத்தில், அவள் ஷஹீமாவின் கடையைக் கண்டாள்.

நிலாமும் ஷஹீமாவும் மட்டக்குளியில் சின்னதாக ஒரு குழந்தை உடுப்புக் கடை வைத்திருந்தார்கள். கைக்குழந்தைச் சட்டை, தொட்டில் துணி, கம்பளித் தொப்பி எல்லாம் இருக்கும். பாதி உடுப்பு ஷஹீமா தைத்தது. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்துச் சிங்களத் தாய்மார். படத்தில் கடை வாசல் முழுசாக விழுந்திருந்தது. பெயர்ப் பலகை, கதவில் தொங்கும் பொம்மை, கண்ணாடிக்குள் மஞ்சள் சட்டை. மேலே பெரிய சிவப்பு எழுத்து.

இராமலெட்சுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குண்டுக்குப் பிறகு யாவாரம் படுத்து ஷஹீமா சாப்பாடும் இல்லாமல் யோசித்துக்கொண்டிருந்த நேரம். விஜேகோன் மாத்தயா மாதிரி ஒரு பெரிய மனுஷருடைய புத்தகத்தில் கடைப் படம் வந்தால் கும்பிட்ட தெய்வம் கண் திறந்த மாதிரியல்லவா? வெட்டில் கோணிப்போன தாள்களை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். அப்படி ஒரு தாளைக் கசங்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னேரமே சுவருக்கு மேலால் கூப்பிட்டாள்.

“ஷஹீமா! எங்க இருக்க? ஓடி வா. உன் கட புத்தகத்துல வந்திருக்கு!”

“எங்கட கடயா? யா அல்லாஹ்! பொம்ம தொங்குது பாருங்க. அந்த மஞ்சச் சட்ட நான் தச்சது!” ஷஹீமா தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு கேட்டாள். “என்னா எழுதி ஈக்கி அக்கா?”

ஷஹீமாவுக்குச் சிங்களம் கதைக்க வரும், எழுத்து வராது. நிலாம் சொந்தத்தில் இறந்த ஒருவருக்குக் கத்தம் ஓதப் புத்தளம் போயிருந்தார். சிங்களத்தில் படிக்கிற பர்ஸானா அந்த இரண்டு மூன்று நாளும் பெரியம்மா வீட்டில். வாசிக்கிற ஆள் என்று அங்கே நின்றவள் இராமலெட்சுமி ஒருத்திதான்.

அவள் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவு வருஷப் பழக்கம் அது.

“நல்லாத்தான் எழுதிருக்காங்க. புள்ளைகளுக்கு நல்ல துணி, சனம் நம்பி வாங்கலாம்னு இருக்கு.”

“அப்படியா எழுதி ஈக்கி? ‘நம்பி’ எண்டா?”

“ஆமா. நான் என்னா, பொய்யா சொல்றேன்?”

அடுத்த நாள் ஷஹீமா அதைக் கடையில், காசு வாங்கும் மேசைக்குப் பின்னால், வருகிற ஆட்களின் கண்ணுக்கு நேரே ஒட்டினாள். நாலு மூலையிலும் அழகாக டேப் போட்டு ஒட்டினாள்.

வியாழக்கிழமை அச்சகத்தில் கரண்ட் இல்லை. இராமலெட்சுமி பஸ் ஏறி மட்டக்குளிக்குப் போனாள், படத்தை ஒட்டின அழகைப் பார்க்கலாமென்று. கடையில் வாங்க ஒருவரும் இல்லை.

“மூணு நாளா ஒரு துண்டு விக்கல்ல அக்கா” என்றாள் ஷஹீமா. “ஆக்கள் வாராங்க. அத வாசிக்கிறாங்க. போறாங்க. நேத்து ஒரு நோனா, ஏழு மாசம் ஈக்கும், கையில எடுத்த சட்டயப் பாம்பப் புடிச்ச மாதிரி உட்டுட்டுப் போயிட்டா. வயித்தப் பொத்திக்கிட்டு ஓடுறா. வெலை கூடவா ஈக்கும்?”

“கண்ணு பட்டிருக்கும்” என்றாள் இராமலெட்சுமி. “புத்தகத்துல வந்தா சும்மாவா? வெள்ளிக்கிழம தேசிக்காய் வெட்டிப் போடு.”

“ஓங்கட தேசிக்காய எங்கட கடையில வெட்டினா அவரு என்னய வெட்டுவாரு” என்று ஷஹீமா சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் பர்ஸானா பள்ளிக்கூட உடுப்போடு உள்ளே வந்தாள். பையைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“உம்மா, இத யாரு இங்க ஒட்டின?”

“நான்தான். எங்கட கடப் படம். மாமி கொண்டு வந்து தந்தாங்க.”

பதினைந்து வயதுப் பிள்ளை. அதைத் தமிழில் சொன்னாள். இந்தக் கடையின் குழந்தை உடுப்புகளில் மருந்து தோய்த்திருக்கிறது, அதை உடுத்துகிற நம்முடைய பெண்பிள்ளைகளுக்கு நாளைக்குப் பிள்ளை பிறக்காது, இனத்தை அழிக்க இப்படியும் வழி பார்க்கிறார்கள், படத்தைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே றோட்டுப் பெயரும் கடை இலக்கமும் போட்டிருந்தது.

ஷஹீமா சுவரைப் பார்க்கவில்லை. இராமலெட்சுமியைத்தான் பார்த்தாள்.

“நீங்க வாசிச்சித் தானே செல்லினீங்க அக்கா?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாதடி, உன்னைச் சிரிக்க வைக்க வாயில் வந்ததைச் சொன்னேன் என்று ஒரு வசனம். காலில் விழுந்தாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது.

“வேல அவசரத்துல... சரியாப் பாக்கல” என்றாள்.

அது முந்திய பொய்யைவிடக் கெட்ட பொய்யாகிப் போனது. நாலு மூலையிலும் போட்ட டேப்பை ஷஹீமா நகத்தால் ஒவ்வொன்றாகக் கிழித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இராமலெட்சுமி சந்திரகுமாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். “ஐயா, இந்தப் புத்தகத்துல என்னா எழுதுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியும்.”

“மொதல்ல இருந்தேவா?”

“முதல் இரண்டு வருஷம் எங்கட ஆக்களைப் பற்றித்தான் எழுதினவங்கள், லெட்சுமி. பிறகுதான் முஸ்லிம் ஆக்களுக்கு மாறினது. நான் என்ன செய்ய? நான் அடிக்காட்டி இன்னொருத்தன் அடிப்பான். தமிழன்ர அச்சகத்தில அடிக்கிறது வெளிய தெரிஞ்சா அவங்களுக்குத்தான் வெட்கம். அதுதான் கடைசிப் பக்கத்தில வேற ஏதோ அச்சகத்தின்ர பேரைப் போடுறாங்கள். இந்த வேலை இல்லாட்டி உங்களையெல்லாம் நான் எப்பவோ நிப்பாட்டியிருக்கோணும்.”

“என் கையால மடிக்க விட்டீங்களே ஐயா.”

“நீங்கள் வாசிக்கிறனீங்கள் எண்டுதான் நான் நினைச்சனான்” என்றார் அவர். “தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருக்கிறீங்கள் எண்டு.”

மூங்கில் பட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்தவள் பிறகு அந்த ஒழுங்கைக்குள் கால் வைக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்த ஐந்தாறு பேர் கடைக் கண்ணாடிக்குக் கல் எறிந்தார்கள். ஒரு துண்டு ஷஹீமாவின் நெற்றியில் வெட்டியது. மூன்று தையல். நிலாம் புத்தளத்திலிருந்து ஓடி வந்தார். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், சஞ்சிகை எங்கே அச்சடித்தது என்று கேட்டார்களாம். கடைசிப் பக்கத்து விலாசத்தில் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு அச்சகமே கிடையாது.

நிலாம் அவள் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. “அக்கா, வேற ஒண்டும் நான் கேக்கல்ல. அது எங்க அச்சடிச்சது, யாரு கொண்டு வாரதெண்டு பொலிசுல வந்து செல்லுங்க. ஒங்கட வாயால செல்லுங்க. அது போதும்.”

“வாறேன் நானா” என்றாள். அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். சோறு போட்ட முதலாளியைக் காட்டிக் கொடுக்கிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தியது. ஆனால் ஷஹீமாவின் நெற்றியில் இருந்த பஞ்சு கண்ணுக்குள்ளேயே நின்றது. இதைச் செய்தால் அவள் பழையபடி ‘அக்கா’ என்று கூப்பிடுவாள். தெரிந்து செய்யவில்லை என்று நம்புவாள். வேறு ஒன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

பொலிசில் இரண்டு மணித்தியாலம். அவள் ஒன்றும் மறைக்கவில்லை. ஒழுங்கையின் பெயர், முதலாளியின் பெயர், விஜேகோன் மாத்தயா, எந்த வருஷம் எத்தனை பிரதி என்று கோர்வையாகச் சிங்களத்தில் சொன்னாள். சார்ஜன்ட் எழுதினார். நடுவில் போன் கதைத்தார், தேத்தண்ணி குடித்தார், இன்னொரு முறைப்பாட்டுக்காரனை ஏசினார், திரும்ப எழுதினார். நாலு பக்கம். முடிந்ததும் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

“கியவன்ன புளுவன்த?” வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாவிட்டால் வாசித்துக் காட்ட மொழிபெயர்க்கிறவரைக் கூப்பிட வேண்டும், அவர் அடுத்த வாரம்தான் வருவார் என்றும் சொன்னார்.

ஒரு முழத் தூரத்தில் வாங்கில் ஷஹீமா உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழத்தான் கேள்வி வந்தது. இல்லை என்றால், வாசிக்கத் தெரியாதவள் அன்றைக்கு ‘நம்பி வாங்கலாம்’ என்று எப்படி வாசித்தாய் என்று அவள் கேட்பாள். ஓம் என்றால் இந்த வேலை இப்போதே முடிந்துவிடும்.

“ஓவ்” என்றாள் இராமலெட்சுமி.

வாசிக்கிறவர்கள் செய்வது மாதிரி விரலை வரிக்கு மேல் ஓட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் பொருத்தமான நேரம் நின்றாள். நாலாம் பக்கத்தின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். சார்ஜன்ட் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாளைக் கோப்புக்குள் செருகினார்.

வெளியே வந்தபோது ஷஹீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். றோட்டைக் கடக்கிற வரைக்கும் விடவில்லை.

அந்தப் பிடி இரண்டு மாதம் நின்றது. சுவருக்கு மேலால் மறுபடி கறி வந்தது, பலகாரம் போனது. பர்ஸானாதான் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு லோயரிடம் நிலாமும் ஷஹீமாவும் அவளும் போனார்கள். அவர் வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து வைத்துத் தமிழில் வாசித்தார்.

‘இந்தச் சஞ்சிகை எனக்கு வழியில் கிடைத்தது. அது எங்கே அச்சிடப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. நானே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உரிமையாளரின் மனைவி விரும்பித்தான் கடையில் ஒட்டினார். எனக்கு எவர் மீதும் முறைப்பாடு இல்லை.’

அந்த சார்ஜன்ட் வேண்டுமென்று எழுதினாரா, யாராவது சொல்லி எழுதினாரா, பாதியைக் கேட்டுப் பாதியைக் கோட்டை விட்டாரா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

“வாசித்து விளங்கிக்கொண்டேன் எண்டு கையெழுத்து இருக்கு” என்றார் லோயர். “இதுக்குப் பிறகு நான் என்ன செய்ய?”

நிலாம் கதிரையிலிருந்து எழும்பினார். சத்தம் போடவில்லை. “எங்கள வச்சி என்னத்த வெளையாடுறீங்க அக்கா? நாங்க ஒங்களுக்கு என்ன செஞ்சோம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார். ஷஹீமா பின்னாலேயே போனாள். பஸ்ஸில் இராமலெட்சுமி தனியாகத்தான் வந்தாள்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. கோயிலுக்குப் போனாள். கும்பிட வாய் வரவில்லை. முருகன் முன்னால் நின்று, “சொல்லிடுறேன்” என்று மட்டும் சொன்னாள். நேரே வந்து பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்த ஷஹீமாவின் பக்கத்தில், ஈரத்தில், குந்திக்கொண்டாள்.

“ஷஹீமா, எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.”

ஷஹீமா கையில் இருந்த துணியை விடவில்லை.

“ஒரு எழுத்தும் தெரியாது. அன்னிக்கும் தெரியாது, பொலிசிலயும் தெரியாது. இத்தன வருஷமும் தெரியாது.”

“அப்ப எனக்கிட்ட செல்லின? நம்பி வாங்கலாம் எண்டு?”

“நானாச் சொன்னது. உன் மொகத்தப் பாத்துட்டுச் சொன்னது.”

பைப் தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் மூடவில்லை. ஷஹீமாவின் முகத்தில் முதலில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பிறகு அவள் ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“ஏன் அக்கா முன்னயே செல்லல்ல? வாசிக்கத் தெரியாட்டி என்ன? எனக்கும் தெரியாது தானே! நான் ஒங்கள விட்டுட்டா போவேன்?”

“வெக்கம்” என்றாள் இராமலெட்சுமி.

“நம்புறேன்” என்றாள் ஷஹீமா கடைசியாக. “நான் நம்புறேன். அவரு நம்ப மாட்டாரு. நான் எப்படிச் செல்லினாலும் நம்ப மாட்டாரு.”

அவள் சொன்னபடிதான் ஆனது. கண்ணாடி போட்டும் கடைக்கு ஆள் வரவில்லை. அந்தத் தாளைப் பார்க்காதவர்களும் கதையைக் கேட்டிருந்தார்கள். வருஷம் முடியுமுன் நிலாம் கடையைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு புத்தளத்துக்குத் தம்பியிடம் போனார். சாமான் ஏற்றிய அன்று இராமலெட்சுமியை வெளியே வரவேண்டாம் என்று ஷஹீமா சொல்லி அனுப்பியிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு லொறி கிளம்பும் சத்தத்தை உள்ளே இருந்து கேட்டாள்.

‘முரப்பொல’ அதற்குப் பிறகு மூன்று வருஷம் வந்தது. கொரோனாவில் நின்று நின்று வந்தது. 2022இல் ஊரில் தாளும் இல்லை, கரண்டும் இல்லை என்றபோது அச்சு நின்றே போனது. அச்சகத்தில் இருந்த நிரோஷா வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இப்போது அது போனில் வருகிறதாம். மடிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். விஜேகோன் மாத்தயாவை ஒருமுறை பஸ்ஸில் கண்டாள். “அக்கே, கொஹொமத?” என்று அதே மரியாதையோடு கேட்டு, எழும்பி இருக்க இடம் கொடுத்தார். அவள் இருக்கவில்லை. வெள்ளவத்தை வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் படி கூட்டித் துடைக்கிறாள் இப்போது. ஐம்பத்தெட்டு வயதாகிறது. ஜிந்துப்பிட்டியில் யாராவது கடிதம் கொண்டுவந்தால், “எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா, கதைக்க மட்டுந்தான் வரும்” என்று சொல்லிவிடுகிறாள். சனம் நம்புவதில்லை. அக்கா பழைய மாதிரி இல்லை, உதவி செய்ய மனசில்லாமல் சாட்டுச் சொல்லுகிறா என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு.

வெள்ளிக்கிழமையில் நிலாம் பள்ளிவாசலுக்குப் போகிற நேரம் பார்த்து ஷஹீமா அவளுக்குப் போன் எடுப்பாள். பர்ஸானா கம்பஸில் படிக்கிறாள் என்பாள். உப்புக் காற்று, வெயில், தையல் ஓர்டர் கிடைக்குது என்பாள். கடையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை கதைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நிலாமின் குரலை இராமலெட்சுமி ஆறு வருஷத்துக்குப் பிறகு கேட்டாள்.

“யாரு போன்ல?”

“ஒருத்தரும் இல்ல” என்றாள் ஷஹீமா.

அவள் போனை வைக்கவில்லை. இராமலெட்சுமியும் வைக்கவில்லை. படிக்கட்டில் துடைப்பத்தோடு உட்கார்ந்தபடி, அந்த வீட்டில் யாரோ தண்ணீர் ஊற்றுவதையும் கதிரை இழுபடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.